நீல விளக்கும் கல்யாண பஸ்ஸும்

மாப்பிள்ளை ஆகப் போகிற என் மகனுக்கு,

கம்பெனி கேட்டில் நிற்கிற உன் அப்பன் எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு இப்போது வேலையே இல்லையே, கெட்டுப்போக என்ன இருக்கிறது? நேற்று நீ போனில் ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து "அப்பா, அது அப்படி இல்லப்பா" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, பார். எட்டாவது தாண்டாதவன் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. உன் கணக்கை நான் எவ்வளவு பொறுத்துக்கொண்டேன்! படித்துவிட்டு ஒளித்து வைக்காதே. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கும் காட்டு. எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

நீ என்ன படிக்கிறாய் என்று ஊரில் கேட்கும்போதெல்லாம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. மற்றவன் பிள்ளை பைப் கம்பெனியில் இஞ்சினியர், இன்னொருத்தன் பிள்ளை பாங்கில். என் பிள்ளை? உன் பெரியத்தை வீட்டு வளைகாப்பில் எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டார்கள். "கண்ணுல தண்ணி எவ்ளோ நேரம் ஒடையாம நிக்கும்னு கணக்கு போடுறான்" என்றேன். உன் பெரியத்தை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அதுக்கு இன்னாத்துக்குடா அவ்ளோ படிப்பு? உம் பொண்டாட்டிய கேட்டா சொல்லிட்டுப் போறா. உன்ன கட்டிக்கின நாளா கண்ணுல தண்ணியோடதானே கீறா" என்றாள். பந்தியே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். உன் அம்மா மட்டும் ரசத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு தடவை நீ எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். கண்ணின் மேல் தண்ணீர் ஒரு மெல்லிய தோல் மாதிரி படிந்திருக்கிறது, அதன் மேல் அதைவிட மெல்லிசாக எண்ணெய். இமைதான் வைப்பர். சிமிட்டும்போதெல்லாம் புதிதாக இழுத்துப் பரப்பிவிடுகிறது. சிமிட்டாமல் திறந்தே வைத்திருந்தால் தண்ணீர் ஆவியாகும், கொஞ்சம் இமை ஓரத்துக்கு இழுபட்டுப் போகும். எண்ணெய் எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கே சீக்கிரம் காய்ந்து ஓட்டை விழும். ஓட்டை விழுந்த இடத்தில் பார்வை கலங்கும். அது எப்போது விழும், எங்கே விழும் என்பதுதான் உன் கணக்கு. "டீசல் போடுற எடத்துல மழத்தண்ணி மேல எண்ணெ வானவில்லாட்டம் ஓடுமே, அந்த மாதிரியா?" என்று கேட்டேன். உன் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே! "அதேதான்பா, அதே கலருதான்பா" என்று என் தோளைத் தட்டினாய். நீ பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒன்று சரியாக இருந்தது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு பஜ்ஜி வாங்கித் தரத் தோன்றவில்லை உனக்கு, அது வேறு விஷயம்.

உன் கம்ப்யூட்டரில் ஒரு கோடு காட்டினாய். மேலேயிருந்து இறங்கி இறங்கி அடியைத் தொடும். தொட்டால் கண்ணில் ஓட்டை. காற்று எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று நீ மாற்றி மாற்றிப் போட, கோடு சில நேரம் சோம்பேறி மாதிரி இறங்கியது, சில நேரம் தடாலென்று விழுந்தது. காற்றைக் கூட்டினால் சீக்கிரம் விழுகிறது என்று பெரிய ரகசியம் போலச் சொன்னாய். அடேய், அதை நான் உனக்குச் சின்ன வயதிலேயே காட்டிவிட்டேன். கண் சிமிட்டாமல் பார்க்கிற விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? யார் முதலில் சிமிட்டுகிறார்களோ அவர்கள் மீன் வறுவலில் தலைப் பக்கத்தைத் தின்ன வேண்டும். நீ முட்டைக்கண்ணை விரித்துக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்காருவாய். நான் உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவேன். அவ்வளவுதான், பொலபொலவென்று கொட்டும் உனக்கு. "அப்பா ஊதுறாரும்மா!" என்று கத்துவாய். நான் நடுத்துண்டைத் தின்றுகொண்டே, "தோத்தாங்கோளி, தலைய துன்னு" என்பேன். ஒரு தடவைகூட உன்னை ஜெயிக்கவிட்டதில்லை. இன்றைக்கு உன்னைப் பெரிய கணக்குப் புலி என்கிறார்களே, அந்தப் புலிக்கு முதல் பாடம் நான் ஊதிய காற்று.

இனி பஸ் விஷயத்துக்கு வருகிறேன். மதுராந்தகத்தில் கிளம்பி வழியெல்லாம் பெண்களை ஏற்றிக்கொண்டு மறைமலைநகர் கம்பெனிக்குப் போகிற பஸ். அதை நான் ஓட்டியது உனக்குத் தெரியும். அதை எப்படி ஓட்டினேன் என்று உனக்குத் தெரியாது. நீ ஏறியதே இல்லையே. காலை ஷிப்டில் ஏறும்போதே பூங்கொடி ஆரம்பிப்பாள்: "இன்னா அண்ணாத்த, இன்னிக்கும் அதே சட்டையா? பொண்டாட்டி கோச்சிக்கினு போய்டுச்சா?" நான், "நீ ஏறுற பஸ்ஸுக்கு இந்தச் சட்டையே அதிகம், உக்காரு" என்பேன். மேரி ஜெபம் பண்ணிக்கொண்டே சிரிப்பாள். தலைக்கு மேலேயிருந்து ஏசி காற்று முகத்தில் அடிக்கும். அதை யாரையும் திருப்ப விடமாட்டேன். டிரைவர் சீட்டுக்கு இருந்த ஒரே ராஜபோகம் அது.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஒரு ஸ்டாப். அன்று பனி. நான் ரோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தேன். பனியில் யார்தான் சிமிட்டுவார்கள்? இடது பக்கம் எல்லாம் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி கரைந்துவிட்டது. கண்ணைக் கொட்டித் திறந்தேன். அங்கே, அந்த ஸ்டாப்பில் தினமும் ஏறுகிற செல்வி நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டுகூட இல்லை, விழுந்த சாப்பாட்டுப் பையை எடுக்கக் குனிந்திருந்தாள், முன் சக்கரத்துக்குக் கையெட்டும் தூரத்தில். மிதித்த மிதியில் உள்ளே இருந்தவர்கள் எல்லாம் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். பூங்கொடியின் எலுமிச்சைச் சாதம் பஸ் முழுக்கப் பரவியது. "இன்னாம்மா, பிரேக் புடிக்குதான்னு பாத்தேன். புடிக்குது" என்றேன். எல்லாரும் திட்டிக்கொண்டே சிரித்தார்கள். செல்வியும் சிரித்துக்கொண்டே ஏறினாள். கம்பெனி வருகிற வரைக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாள். கண்ணாடியில் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து இதையும் தமாஷாகத்தான் சொன்னேன், சாதம் சிதறியதைக் கையால் நடித்துக் காட்டி. உன் அம்மா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. பையிலிருந்து அந்த நீல விளக்கை எடுத்தாய். கண் ஆஸ்பத்திரியில் உனக்குப் பழக்கிக் கொடுத்திருந்தார்களே, அந்த மஞ்சள் சாயத்தை என் கண்ணில் தொட்டு வைத்தாய். "இன்னாடா இது, அப்பன் கண்ண மாரியாத்தா கண்ணாட்டம் ஆக்கிட்ட" என்றாள் உன் அம்மா. நீ, "சிமிட்டாதப்பா, சிமிட்டாத" என்றாய். நீல வெளிச்சத்தில் கண் முழுக்கப் பச்சையாகத் தெரியும், ஓட்டை விழுந்த இடம் கறுப்பாகத் திறக்கும் என்று சொல்லியிருந்தாய். நான் அதைப் பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். "அய்யோ, அதுக்குள்ளயா! இதுவரைக்கும் யாருக்கும் இவ்ளோ சீக்கிரம் ஒடைஞ்சதே இல்லப்பா!" என்று கத்தினாய். குரலில் அப்படி ஒரு குதூகலம். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத முதல் மார்க் எனக்கு அன்றைக்குக் கிடைத்தது. "பாத்தியாடி, இதுலயாவது நாந்தான் ஃபஸ்ட்டு" என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். பிறகு நீ பஸ்ஸைப் பற்றிக் கேட்டாய். ஏசி எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எவ்வளவு வேகமாக. நான் முட்டாள்போல எல்லாவற்றையும் சொன்னேன், பெருமையாக. காற்றைக் கணக்கில் ஏற்றினாய். கோடு தடாலென்று விழுந்தது. கம்ப்யூட்டரை மூடினாய். "சாப்பிடலாம்பா" என்றாய்.

அடுத்த வாரம் ஷெட்டுக்குப் போனால் என் கொக்கியில் சாவி இல்லை. வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் டீ சொன்னார். எனக்கு டீ சொல்கிற ஆளா அவர்? "பையன் வந்துட்டுப் போனாரு அண்ணாத்த. நல்லா படிச்ச புள்ள, அழகா வெளக்குனாரு. எதுக்கு ரிஸ்க்கு? கேட்ல ஆள் வேணும்னு சொல்லிக்கினு இருந்தாங்க, நீங்க அங்க நில்லுங்க" என்றார். மேஜைமேல் உன் கோடு கிடந்தது. கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தாய்.

என்னை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆபீசுக்குப் போனாய். என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம். சாப்பிடலாம் என்றாய். ஆஸ்பத்திரிக்கு உன் அம்மாதான் கூட்டிப் போனாள். சொட்டு மருந்து கொடுத்தார்கள், இமைமேல் சூட்டுத்துணி ஒற்றச் சொன்னார்கள், காற்று முகத்தில் படக்கூடாது, அடிக்கடி சிமிட்ட வேண்டும் என்றார்கள். இப்போது கேட்டில் நின்று சிமிட்டு சிமிட்டென்று சிமிட்டுகிறேன். பார்க்கிற பெண்கள், "இன்னா அண்ணாத்த, எங்களப் பாத்து கண்ணடிக்கிற?" என்கிறார்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் என் பஸ்ஸுக்கு நானே தடுப்புக் கம்பியைத் தூக்குகிறேன். அது என்னைத் தாண்டிப் போகிறது. ஜன்னலிலிருந்து கை ஆட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன். நீ ஒரு தடவை வந்து நின்று பார், நல்ல காட்சி.

உன்மேல் வயிறெரிந்துகொண்டிருந்த நாட்களில்தான் செல்வி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, கேட் ஓரமாக என் பக்கத்தில் நின்று, டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னாள்: "அண்ணாத்த, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. உன் புள்ள செஞ்சது நல்லதுதான். அன்னிக்கு நான் போய்ட்டிருப்பேன். எங்க வூட்ல சின்னது ரெண்டு கீது." சொல்லிவிட்டு, "இன்னா, டீ வாங்கித் தர மாட்டியா?" என்று சிரித்தாள். வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே, நீ செய்தது சரி என்று ஒத்துக்கொண்டேன், மனசுக்குள். உனக்குச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நீதான் என்னிடம் சொல்லிவிட்டா செய்தாய்?

நிலைமை இப்படி இருக்க, நேற்று நீ போன் பண்ணி, குரலைக் குழைத்துக்கொண்டு, "அப்பா, கல்யாண பஸ்ஸ நீயே ஓட்டுப்பா. நீ எப்பவும் ஆசையா சொல்லிக்கினு இருந்தியே. மண்டபம் மாமல்லபுரத்துல, கிட்டதானே? சொட்டு மருந்து போட்டுக்கினா ஒண்ணும் ஆவாதுப்பா. நம்ம ஜனங்கதானே வரப்போறாங்க" என்கிறாய்.

ஆசைப்பட்டது உண்மை. நீ தவழும்போதே சொல்வேன், என் பிள்ளை கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்களை எல்லாம் நானே பஸ்ஸில் ஏற்றி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஹாரனைப் பாம்பாமென்று அடித்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போவேன் என்று. நீ அதை ஞாபகம் வைத்திருக்கிறாய். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், படித்தவனே. கம்பெனிப் பெண்களை ஏற்றினால் உடைகிற கண், உன் பெரியத்தையை ஏற்றினால் உடையாதா? கடற்கரை ரோட்டுக் காற்று உன் கணக்கில் காற்று இல்லையா? இல்லை, உன் கோடு ஆளைப் பார்த்து விழுமா? அன்றைக்கு நீ சொன்னது பொய் என்றால் என் பஸ்ஸைச் சும்மா பறித்தாய். இன்றைக்குச் சொல்வது பொய் என்றால், அப்பன் முகம் கோணாமல் இருக்க ஒரு பஸ் ஜனத்தைப் பந்தயம் வைக்கிறாய். எதில் பொய் சொன்னாய் என்று நீயே சொல். விளக்கை வைத்து அளந்து பறித்தாய், என் கண் பக்கமே வராமல் வாயால் திருப்பிக் கொடுக்கிறாய். பறித்ததைக்கூட நான் செல்வி முகத்துக்காக விழுங்கிவிட்டேன். இந்தத் தானம்தான் தொண்டையில் நிற்கிறது. ஒரே ஒரு தடவை சரியாக நடந்துகொண்டாய், அதையும் கெடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் கேட்டுக்கொள். எனக்குப் பதிலாக அந்த பஸ்ஸை இப்போது சேகர் ஓட்டுகிறான். நல்ல பையன், உன் வயதுதான். என்னை இறக்கிய பிறகு அவர்கள் புது டிரைவரைப் போடவில்லை. அவன் வண்டியையும் ஓட்டி என் வண்டியையும் அவனே ஓட்டுகிறான். அவன் கண்ணைப் பூங்கொடி பார்த்துவிட்டு, "அண்ணாத்த, கோவப்பழமாட்டம் செவந்து கீது. நீ கலங்கலா பாத்த, இவன் தூங்கிக்கினே பாக்குறான்" என்றாள். அவன் கண்ணில் நீ விளக்கு அடித்தாயா? அந்த ஷெட்டில் இத்தனை டிரைவர் இருக்கிறோம், எல்லார் தலைக்கு மேலும் அதே ஏசிதான். ஒருத்தன் கண்ணையாவது பார்த்தாயா? உன் அப்பன் கண் ஒன்றுதான் உனக்கு வீட்டிலேயே கைக்கு எட்டியது. அதைப் பார்த்தாய், எழுதிக் கொடுத்தாய், புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று போய்விட்டாய். செல்வி இன்னமும் அதே ஸ்டாப்பில்தான் நிற்கிறாள்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம், உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுது எழுது என்கிறாள். என்னிடம் பெரிய புத்தி ஏது? அந்தப் பெண்ணிடம் ஏதாவது குறை கண்டால் அவளிடமே சொல். அவள் அம்மாவிடம் போய்க் கலரில் பிரிண்ட் கொடுக்காதே. சண்டை வந்தால் முறைத்துக்கொண்டே நிற்காதே, சிமிட்டு. சிமிட்டினால் தோற்றுப்போவோம் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான், மீன் தலைக்காக. உன் படிப்பு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. இதில் மட்டும் உன் படிப்பைக் கேள். இன்னும் ஒன்று, அவளிடம் "சாப்பிடலாம்" என்று மட்டும் சொல்லாதே. நீ அப்படிச் சொன்னால் பின்னாலேயே ஏதோ வரும் என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் பயம்.

இப்போது பதில். கல்யாணத்துக்குப் பேசியிருப்பது நம் ஷெட் பஸ்தான், நான் ஓட்டிய அதே பஸ். ஓட்டப் போவது சேகர். லீவு நாளிலும் அவனுக்கு ஓய்வில்லை. சாவிக் கொக்கி எல்லாம் இப்போது கேட் அறையில்தான் இருக்கிறது, அதாவது என் தலைக்குப் பின்னால். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் நம் தெருமுனையில் பஸ் வந்து நிற்கும், சொந்தக்காரர்கள் ஏறி இடம் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், மேளக்காரர் வாசிக்கத் தொடங்கியிருப்பார். நீ பட்டு வேட்டியோடு காரில் ஏறப் போவாய். ஏறாதே. உன் பையில் அந்த நீல விளக்கும் மஞ்சள் சாயமும் இருக்கட்டும். முதலில் சேகர் கண்ணைப் பார். எல்லாருக்கும் எதிரில், என் கண்ணைப் பார்த்த மாதிரியே, ஒளிவுமறைவு இல்லாமல். பார்த்ததை அவன் முகத்துக்கு நேராகச் சொல். அவன் பயந்தால் தோளைத் தொட்டுச் சொல். தேறவில்லை என்றால் கல்யாணத்துக்கு மறுநாளே ஷெட்டுக்கு வந்து எல்லாக் கண்ணையும் பார்த்து மேனேஜருக்கு எழுதிக் கொடு. மறுவீட்டு விருந்து காத்திருக்கும்.

பிறகு என் கண்ணைப் பார். யார் கண் தேறுகிறதோ அவன் ஓட்டட்டும். இரண்டும் தேறாவிட்டால் உன் பெரியத்தை பட்டுப்புடவையோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு மாமல்லபுரம் வரட்டும். அவள் உன்னை என்ன பேசுவாள் என்பதற்கும் ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள். நீ பார்த்து முடிக்கிற வரைக்கும் பஸ் கிளம்பாது. தெருமுனையில் வண்டி நின்றதுமே சேகரிடமிருந்து சாவியை வாங்கிவிடுவேன். அது கொக்கியில் இருக்காது, என் சட்டைப் பையில் இருக்கும்.

தைரியமாக வா. இந்தத் தடவை நான் ஊதமாட்டேன்.

உன் அப்பன்